ப்ளூபெர்ரி இலை மஞ்சளாகுதா? உரத்தை நிறுத்துங்க, தண்ணியைப் பாருங்க!

ஆன்லைன்ல ப்ளூபெர்ரி கன்று வாங்கி, செம்மண், மண்புழு உரம், கொஞ்சம் முட்டை ஓடுன்னு பார்த்துப் பார்த்து நட்டிருப்பீங்க. ரெண்டு மாசத்துல புது இலைகள் மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையா நிற்கும். இது இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணுல இரும்பு இருக்கும், ஆனா செடியால எடுக்க முடியாது. காரணம், மண்ணுல போதுமான புளிப்பு இல்லை.

ப்ளூபெர்ரிக்கு பி.ஹெச் 4.5 முதல் 5.5 வரை இருக்கணும். தக்காளிக்கு 6-க்கு மேல போதும். சின்ன வித்தியாசம்தானேன்னு நினைக்காதீங்க. பி.ஹெச் ஒண்ணு குறைஞ்சா அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். அப்போ 7-க்கும் 5-க்கும் நடுவுல 100 மடங்கு!

இதைச் சோதனை செய்து சொன்னவர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் (ஆமாங்க, பெயரே அதுதான்). அதுவரை காட்டுல பறிச்சுத் தின்ற பழம் இது. அவர் 1910-ல் வெளியிட்ட முடிவுகளைப் படிச்ச எலிசபெத் வைட், நியூ ஜெர்சியில இருந்த தன் குடும்பத்து கிரான்பெர்ரி பண்ணைக்கு அவரை அழைச்சார். 1916-ல் அங்கிருந்து முதல் விளைச்சல் விற்பனைக்குப் போச்சு.

நம்ம வீட்டுக்குத் தொட்டிதான் சரி. வேர் மெல்லிசு, மேலாகவே படரும். அதனால ஆழத்தைவிட அகலம் முக்கியம். பீட் மாஸ் பாதிக்கு மேல, மீதி பெர்லைட், மரப்பட்டைத் துண்டு. கோகோபீட் மட்டும் போட்டா புளிப்பு பத்தாது. கந்தகத்தூள் கலக்கலாம்; ஆனா மண்ணுல இருக்கிற பாக்டீரியா அதை அமிலமா மாத்த மாசக்கணக்காகும், நடுறதுக்கு முன்னாடியே கலந்துடணும். சாம்பல், சுண்ணாம்பு, முட்டை ஓடு மூணும் எதிரி. ரீல்ஸ்ல வர்ற காபி சக்கையை நம்பாதீங்க. அமிலத்துல பெரும்பகுதி டம்ளருக்கே போயிருக்கும்.

இவ்வளவும் செஞ்சு போர் தண்ணி ஊத்தினா எல்லாம் வீண். கடினநீர்ல இருக்கிற பைகார்பனேட் ஒவ்வொரு நாளும் புளிப்பைக் கரைச்சுக்கிட்டே இருக்கும். மழைத்தண்ணியைப் பிடிச்சு வையுங்க.

இன்னொண்ணு, குளிர். பல அமெரிக்க ரகங்கள் பூக்க, 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல வேணும். சென்னை மொட்டை மாடியில அதுக்கு எங்கே போக? ஃப்ளோரிடாவுல உருவான 'ஷார்ப்ப்ளூ' மாதிரி குறைந்த குளிர் ரகமான்னு கேட்காம காசு கொடுக்காதீங்க. ஊட்டி, கோத்தகிரி பக்கம் இருக்கிறவங்களுக்கு வாய்ப்பு அதிகம். தேயிலைக்கும் இதே புளிப்பு மண்தான். ப்ளூபெர்ரியின் பேரினமான வாக்சினியம், நீலகிரி சோலைக்காட்டுல இயற்கையாவே வளருது.