ஏலகிரிக்குப் புல்லட்டில் போகலாமா?

இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டோர் மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, எப்போது வேலைக்குப் போகலாம் என்பது. இன்னொரு கேள்வி உண்டு. அது பெரும்பாலும் விடைபெற்று எழுந்த பிறகு, மனைவியோ மகனோ மருந்துச் சீட்டுடன் வெளியே சென்றுவிட்ட வேளையில், தணிந்த குரலில் கேட்கப்படும். "டாக்டர், வண்டி ஓட்டலாமா?" கடைத்தெருவுக்குப் போய்வருவதை அவர்கள் கேட்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். நண்பர்களோடு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் செல்லும் வார இறுதிப் பயணத்தைக் கேட்கிறார்கள். வீட்டில் அதற்குத் தடை விதிக்கப்பட்டிருக்கும். ஆகவேதான் அந்தத் தணிந்த குரல்.

சென்ற பிப்ரவரியில் சென்னையின் ஓட்டுநர் மன்றம் ஒன்று ஏலகிரியில் நடத்திய கூட்டத்துக்கு, முதலுதவிப் பயிற்சி அளிக்குமாறு எங்கள் துறையை அழைத்தது. மூவர் சென்றோம். இருவர் மோட்டார் சைக்கிளில் சென்றோம். மூன்றாமவர் பயிற்சிப் பொம்மையை ஏற்றிக்கொண்டு காரில் பின்தொடர்ந்தார். கேள்வியை மேசைக்கு இப்பாலிருந்து மட்டுமே கேட்டுப் பழகிய எங்களுக்கு, அதைச் சாலையில் வைத்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

பூந்தமல்லியில் விடியற்காலை ஐந்து மணிக்கு இருபத்தெட்டு வண்டிகள் கூடின. பெரும்பாலானவை புல்லட் வகை. ஓட்டுநர்களில் பாதிப்பேராவது நாற்பதைக் கடந்தவர்கள். தலைக்கவசத்தைக் கழற்றியபோது நரை தெரிந்தது. மன்றத்தின் ஒழுங்கு எங்களை வியக்க வைத்தது. முன்னே ஒருவர் வழிநடத்துவார். அவரை எவரும் முந்தக் கூடாது. கடைசி வண்டியில் பழுதுநீக்கும் கருவிகளும் முதலுதவிப் பெட்டியும் இருக்கும். அவருக்குப் பின்னே எவரும் தங்கக் கூடாது. நெடுஞ்சாலையில் ஒருவர் இடப்புறமும் அடுத்தவர் வலப்புறமுமாக, இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். மலைப்பாதையில் ஒற்றை வரிசை. புறப்படுமுன் ஒவ்வொரு வண்டியின் சங்கிலி, பிரேக், விளக்கு, டயரின் காற்றழுத்தம் எல்லாம் சரிபார்க்கப்பட்டன. ரத்த அழுத்தத்தைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

திருப்பெரும்புதூரைத் தாண்டும்போது சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்தது. மேற்கு நோக்கிய காலைப் பயணத்தில் கண் கூசாது, இளைப்பும் குறைவு. ஏறத்தாழ ஒரு மணிக்கு ஒரு முறை நிறுத்தினார்கள். இது இதய நோயாளிக்கு மட்டுமன்று, எவருக்கும் நல்லது. நெடுநேரம் கால்களை மடக்கி அமர்ந்திருந்தால் கால் நரம்புகளில் ரத்த ஓட்டம் மந்தமாகும். காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் நீரிழப்பும் தெரியாது. ஆனால் நிறுத்தியபோதெல்லாம் தண்ணீர் குடித்தவர்கள் சிலரே. காரணத்தைக் கேட்டோம். வழியில் சிறுநீர் கழிக்க இடம் தேட வேண்டுமே என்றார்கள். இதே காரணத்துக்காக, நீர் பிரியும் மாத்திரையைப் பயண நாளில் விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். விடத் தேவையில்லை; பலருக்கு அதை ஊர் சேர்ந்த பின் எடுக்கலாம் என்று நேரத்தை மாற்றித் தர முடியும். முன்கூட்டியே கேட்டால் போதும்.

ஆம்பூரில் பிரியாணிக்காக நிறுத்த வேண்டும் என்று இளைஞர்கள் குரல் எழுப்பினார்கள். சீரகச் சம்பா அரிசியும் கத்தரிக்காய்த் தொக்கும் எங்களுக்கும் பிடிக்கும். எனினும் உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு. மலை ஏறுமுன் வேண்டாம் என்று வழிநடத்துபவர் மறுத்துவிட்டார். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது உடன்பாடு.

வாணியம்பாடிக்கு அப்பால் மலைப்பாதை தொடங்குகிறது. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். மலையின் உயரம் சுமார் 1,100 மீட்டர். இந்த உயரத்தில் காற்றில் பிராணவாயு குறைவதால் நிலையான இதய நோயாளிக்குக் குறிப்பிடத்தக்க தொல்லை வராது. ஐயாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட லடாக் கணவாய்களைக் கனவு காண்பவர்களும் கூட்டத்தில் இருந்தனர். அது முற்றிலும் வேறு கணக்கு. ஏலகிரியை ஏறியதை வைத்து அதற்குத் தகுதி வந்துவிட்டதாக எண்ணலாகாது.

அன்று பிற்பகல், கூட்டம் நடந்த தோப்பில், ஐம்பத்துநான்கு வயதுடைய ஒருவர் தம் புல்லட்டைச் சரளைக் கற்களிலிருந்து தள்ளி நிழலுக்குக் கொண்டுவந்தார். பின்னிருக்கையில் அவருடைய மனைவி வந்திருந்தார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றியவர் அருகிலிருந்த திண்ணையில் அமர்ந்துவிட்டார். அந்த அம்மையார்தான் எங்களிடம் வந்தார். "டாக்டர், இவருக்கு எட்டு மாதம் முன்னாடி ஸ்டென்ட் வச்சிருக்கு. நெஞ்சு இறுக்குதான்னு கேட்டா இல்லேங்கறார். ஆனா கை நெஞ்சு மேலயே இருக்கு."

அவர் எங்களிடமும் முதலில் இல்லை என்றே சொன்னார். முகத்தில் வியர்வை வேறு விதமாகச் சொல்லிற்று. உட்கார்ந்த நிலையிலேயே நாவின் அடியில் ஐசோசார்பைட் மாத்திரை வைத்தோம். ஐந்து நிமிடத்துக்குள் இறுக்கம் தளர்ந்தது. அதன் பிறகே உண்மை வந்தது. மூன்று வாரங்களாக, மாடிப்படி ஏறும்போது இதே இறுக்கம். சொன்னால் சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை.

இங்கே இரண்டு செய்திகளை விளக்க வேண்டும். ஏறத்தாழ 195 கிலோ எடையுள்ள வண்டியைச் சமதளத்தில் ஓட்டுவது இதயத்துக்குப் பெருஞ்சுமை அன்று. அதைத் தள்ளுவதும், சரளையில் திருப்புவதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துவதும்தான் சுமை. மூச்சை அடக்கித் தசைகளை இறுக்கும் வேலையில் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதைச் செய்ய வேண்டிய இடத்தில் இளையவர் ஒருவரைக் கைகொடுக்கச் சொல்வதில் இழுக்கு ஏதுமில்லை. இரண்டாவது செய்தி: ஸ்டென்ட் வைத்த பிறகு வலி திரும்புவது, அதுவும் புதிதாகத் தோன்றி உழைப்போடு வருவது, காத்திருக்கக் கூடிய அறிகுறி அன்று. மாத்திரையில் தணிந்துவிட்டது என்பதால் தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை.

காரில் அவரை மலையிறக்கி, அடிவாரத்து ஊரொன்றின் மருத்துவமனையில் ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் செய்தோம். மாரடைப்பு இல்லை. மறுநாள் சென்னையில் ஆஞ்சியோகிராம் எடுத்தபோது பழைய ஸ்டென்ட் சீராக இருந்தது. வேறொரு குழாயில் அடைப்பு முற்றியிருந்தது. புல்லட்டை மன்றத்து நண்பர் ஒருவர் ஓட்டிவந்து வீட்டில் நிறுத்தினார். இவற்றை எழுத அத்தம்பதியர் இசைவு தந்திருக்கிறார்கள்.

எங்களில் ஒருவர் அவருடன் சென்றுவிட, மற்ற இருவர் மாலைப் பயிற்சியை நடத்தினோம். மார்பின் நடுவே, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தும் முறையை ஏறத்தாழ எல்லாரும் பொம்மையில் செய்து பார்த்தனர். விழுந்தவரின் தலைக்கவசத்தை அவசரப்பட்டு உருவக் கூடாது, மூச்சு சீராக இருந்தால் 108 வரும்வரை அப்படியே விடலாம், கழற்றியே ஆக வேண்டுமென்றால் கழுத்தைப் பிடிக்க ஒருவரும் கவசத்தை எடுக்க ஒருவரும் வேண்டும் என்பதையும் செய்து காட்டினோம்.

தலைக்கவசம் எங்கள் துறைக்கு வெளியே உள்ளது என்று எண்ண வேண்டாம். 1935 மே மாதம் இங்கிலாந்தில் எழுத்தாளரும் படைவீரருமான டி. ஈ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டு, தலைக்காயத்தால் ஆறாம் நாள் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், பின்னர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டே பிரிட்டிஷ் படை தன் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஸ்டென்ட் வைத்தோருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ரத்தம் உறையாதிருக்க இரு மாத்திரைகள் எடுப்பவருக்குத் தலையில் அடிபட்டால், அப்போது நலமாகத் தோன்றினாலும் உள்ளே ரத்தம் மெல்லக் கசியலாம். அன்றே மருத்துவமனைக்குச் சென்று சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். அதே சமயம், பயணத்துக்காக அம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது அதனினும் பெரிய ஆபத்து, ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம்.

இனி, எப்போது ஓட்டலாம் என்ற கேள்வி. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்கள் முதல் ஒரு வாரம் வண்டியைத் தொடாதிருப்பது நலம். வலக்கையில் துளையிட்டிருந்தால் ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் அந்தக் கையில்தான் இருக்கின்றன. மாரடைப்புக்குப் பின் நெடும்பயணம் என்றால் சில வாரங்கள் பொறுத்து, எக்கோவில் இதயத்தின் வலிமையைப் பார்த்து, தேவையானால் டிரெட்மில் சோதனையும் செய்த பிறகே. பைபாஸ் அறுவை ஆனவர்களின் நெஞ்செலும்பு நன்கு கூடுவதற்கு மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை பின்னிருக்கையும் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்த தோளின்மேல் பையின் வார் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மயக்கம் வந்து விழுந்தவர்கள், மின்னதிர்வு தரும் கருவி பொருத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கு விடை ஆளுக்கு ஆள் மாறும். எங்களைக் கேளாமல் சாவியைத் தொட வேண்டாம். நாவடி மாத்திரையை ஓடும் வண்டியில் வாயில் போடக் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். நிறுத்தி, இறங்கி, உட்கார்ந்து பிறகு போடுங்கள். இன்சுலின் எடுப்போர் வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் மருந்தை விட்டுவிடலாகாது.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். சாவியை ஒளித்து வைப்பதன் பின்னுள்ள அன்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் ஏலகிரியில் நாங்கள் கண்டது, அந்த அச்சத்தால் மூன்று வாரம் மறைக்கப்பட்ட நெஞ்சு வலியை. கேள்வியை நோயாளி கதவருகே நின்று கேட்பதற்குப் பதிலாக, நீங்களும் உடனிருக்கும்போது நாற்காலியில் அமர்ந்தே கேட்கட்டும். தேதியையும் நிபந்தனைகளையும் எழுதித் தருகிறோம்.

அந்தத் தம்பதியர் சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். டிரெட்மில்லில் அவர் வலியின்றி நடந்தார். அடுத்த கூட்டம் எப்போது என்று அம்மையார்தான் கேட்டார்; அவர் தயங்கியபடியே தேதியைச் சொன்னார். செப்டம்பரில் இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று சீட்டில் எழுதினோம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுவது யார் என்பதைத் தாம் பார்த்துக்கொள்வதாக அம்மையார் சொன்னார்.