தீராத வயிற்றுவலியும் மருத்துவப் பரிசோதனையும்

நாள்பட்ட வயிற்றெரிச்சலைக் 'கேஸ்ட்ரிக்' என்று கூறி, கடை மாத்திரையோடு காலங்கழிப்போர் தோட்டப்புறங்களில் பலர். காரமும் கவலையுமே வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என நெடுங்காலம் நம்பினோம். ஆஸ்திரேலிய மருத்துவர்களான பேரி மார்ஷலும் ராபின் வாரனும், இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமியே பெருங்காரணம் என்று காட்டி, 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். வலிநிவாரண மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும். மலேசியாவில் இக்கிருமி மலாய்க்காரரைவிட இந்தியரிடையே மிகுதி.

மூச்சுப் பரிசோதனையாலோ உள்நோக்குக் கருவியாலோ கிருமியை அறியலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் பரிசோதனை முடிவை மறைக்கக்கூடும். ஆதலின், உட்கொண்ட மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். கிருமியை ஒழிக்கும் மருந்துகளைப் பெரும்பாலும் 14 நாள் உட்கொள்ள வேண்டும். வலி நின்றதும் நிறுத்தலாகாது.

கருநிற மலம், இரத்த வாந்தி, உடல் மெலிவு, விழுங்குவதில் தடை ஆகியவை தோன்றின், காலந்தாழ்த்தாது மருத்துவமனையை நாடுவோமாக.