கோதுமைப் புல்லும் இரத்தச் சத்தும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கோவிந்தாபுரம். மாந்தோப்புகள் மிகுந்த முதலமடையை அடுத்த ஊர் இது. இப்பக்கத்து வெப்பம் கோதுமை கதிர்விட்டு முற்றுவதற்கு ஏற்றதன்று. தென்னாட்டில் அப்பயிர் நீலகிரி, பழனி போன்ற குளிர்ந்த மலைகளையே நாடும். ஆயினும் அதனைப் பத்து நாள் புல்லாக மட்டும் வளர்ப்பதற்கு இவ்வூர் வீட்டுத் திண்ணையே போதும்.

மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி இடும் பெண்மணிகளுக்கு இவ்வித்தையை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. முளைப்பாரி இருட்டில் வளர்வதால் வெளிறிய மஞ்சள் நிறம் கொள்கிறது. கோதுமைப் புல்லுக்கோ வெளிச்சம் வேண்டும். ஒளி பட்டால்தான் இலையில் பச்சையம் உண்டாகும். வேற்றுமை இவ்வளவே.

கடையில் உணவுக்கென விற்கும் முழுக் கோதுமையை வாங்குக. விதைக்கென விற்பதில் பூஞ்சை மருந்து கலந்திருக்கக்கூடுமாதலால் அது ஆகாது. இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் முடிந்து வைத்தால் முளை எட்டிப் பார்க்கும். அகன்ற தட்டில் ஓர் அங்குல உயரத்துக்கு மண்ணும் மட்கிய எருவும் பரப்பி, முளைகளை நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் மூடி வைக்க வேண்டும். பிறகு கடும் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து நீர் தெளித்து வந்தால், எட்டுப் பத்து நாளில் புல் ஒரு சாண் உயரும். வேருக்கு அரை அங்குலம் மேலே நறுக்கிக் கழுவி, சிறிது நீர்விட்டு அரைத்துப் பிழிந்து, உடனே அருந்துவது நலம். நாள்தோறும் வேண்டுவோர் நாளுக்கொரு தட்டாக விதைத்து வரலாம். இடவப்பாதி மழைக்காலத்தில் அடியில் வெண்மையாகப் பூசணம் படரும். அத்தட்டை அப்படியே கொட்டிவிடுவதே முறை.

இப்பழக்கம் அமெரிக்காவில் பரவியது. 1930-ஆம் ஆண்டுகளில் கான்சாஸ் பகுதியைச் சேர்ந்த சார்லஸ் ஷ்னாபெல் என்ற வேளாண் இரசாயன அறிஞர், தானியப் பயிர்களின் இளம்புல்லைக் கோழிகளுக்கு அளித்து ஆராய்ந்தார். பின்னர் பாஸ்டன் நகரில் ஆன் விக்மோர் என்னும் அம்மையார் இச்சாற்றைப் பலபிணி தீர்க்கும் அமுதமாகவே போற்றிப் பரப்பினார். தம் முறை நீரிழிவாளருக்கு இன்சுலின் தேவையைக் குறைக்கும் அல்லது நீக்கும் என்று அவர் கூறியதற்காக, 1982-இல் மாசசூசெட்ஸ் மாநில அரசு அவர் மீது வழக்குத் தொடுத்ததும் உண்டு.

இச்சாற்றுக்குப் ‘பச்சை இரத்தம்’ என்றொரு பெயர் வழங்குகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் சற்று அச்சமூட்டுகிறது. உவமையாகப் பிறந்த சொல், மொழி மாறி வருகையில் மருந்தாகிவிடுகிறது. பச்சையத்தின் அணுவமைப்பும், இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் பொருளின் அணுவமைப்பும் பெரிதும் ஒத்திருப்பது மெய்யே. இவ்விரண்டையும் ஆராய்ந்த ஹான்ஸ் ஃபிஷர் 1930-இல் நோபெல் பரிசு பெற்றார். ஆனால் ஒன்றின் நடுவே அமர்ந்திருப்பது மக்னீசியம். மற்றதன் நடுவே இரும்பு. வயிற்றின் அமிலம் பட்டதும் அந்த மக்னீசியமும் கழன்றுவிடுகிறது. பச்சையத்தை இரத்தமாக மாற்றும் ஆற்றல் நம் உடலுக்கு இல்லை.

சண்டிகரில் தாலசீமியா என்னும் பிறவி இரத்தநோய் உற்ற 16 பேருக்கு இச்சாற்றைக் கொடுத்துப் பார்த்த சோதனை 2004-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்குப் பிறர் இரத்தம் ஏற்றும் தேவை கால் பங்குக்கு மேல் குறைந்ததாக அதில் கண்டனர். 2009-இல் வெளியான வேறோர் ஆய்வில் அப்பயன் புலப்படவில்லை. ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ள இடமில்லை.

அப்படியாயின் இதில் பயனே இல்லையா? உண்டு. ஜீவசத்துகள் அடங்கிய நல்லதொரு கீரைச் சாறு இது. வீட்டிலேயே வளர்வதால் பூச்சிமருந்து படாதது. ஆனால் ஒரு சிறு கிண்ணம், அதாவது 30 மில்லிலிட்டர் சாற்றில் இருக்கும் இரும்பு, பெரும்பாலும் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கருவுற்ற பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கும் மாத்திரை ஒன்றில் இருப்பதோ 60 மில்லிகிராம். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அதனை ஒதுக்கிவிட்டு, இச்சாற்றை நம்பித் தோட்ட வேலைக்குச் செல்லும் தாய் பிரசவத்தின் போது பெரும் ஆபத்தை எதிர்கொள்ள நேரும். மாத்திரை ஒவ்வாவிட்டால் செவிலியரிடம் சொல்லலாம்; உணவுக்குப் பின் உட்கொள்ளவோ, வேறு வகை மாத்திரை பெறவோ வழியுண்டு. மேலும், முளைகளில் நோய்க்கிருமி எளிதில் பெருகுமாதலால், கருவுற்றோர் இப்பச்சைச் சாற்றைத் தவிர்ப்பதே நன்று. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் அருந்தலாகாது.

கொல்லையில் முருங்கை உள்ளவர்கள் புல் வளர்க்கவில்லையே என்று கவலையுற வேண்டாம். அக்கீரை சமைத்து உண்ணப்படுவது, வயிறு நிறைய உண்ணவும் கூடியது. புல் வளர்ப்போருக்கு மற்றொரு செய்தி. பூசணம் இல்லாத சக்கையை மாட்டுத் தொட்டியில் இடலாம். மாடு மிச்சம் வைப்பதில்லை.