டிரைட்டன்: தட்டி வளைத்த அலுமினிய டாங்க்

நார்ட்டன் மோட்டார் சைக்கிளின் ஃபெதர்பெட் சட்டகத்தில் டிரையம்ஃப் இரட்டை சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினால் அது டிரைட்டன். 1950, 60களில் இங்கிலாந்து இளைஞர்கள் தாங்களே கட்டிய வண்டி இது. அக்காலத்தில் 500 சிசி கார்ப் பந்தயக்காரர்கள் எஞ்சினுக்காகவே முழு நார்ட்டன் வண்டியை வாங்கியதால், எஞ்சின் இல்லாத சட்டகங்கள் மிஞ்சின.

அந்தச் சட்டகத்துக்கு ஏற்ற பெட்ரோல் டாங்கைப் பலர் கையாலேயே செய்தார்கள். முதலில் மர அச்சு. ஓட்டுபவர் குனிந்து உட்காரும்போது முட்டி படும் இடம் பார்த்து மரத்தைக் குடைவார்கள். ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினாலும் டாங்கில் இடிக்கக் கூடாது.

அடுத்து, அலுமினியத் தகட்டை வளைப்பதுதான் கைத்திறனின் உச்சம். அலுமினியம் உருகப் போகும் நேரத்திலும் சிவந்து எச்சரிக்காது. அதனால் தகட்டில் சோப்பைத் தேய்த்துச் சூடு காட்டுவார்கள். சோப்பு கறுத்ததும் நெருப்பை விலக்க வேண்டும், தாமதித்தால் தகடு ஓட்டையாகிவிடும். இளகிய தகட்டை மணல் மூட்டைமேல் வைத்து மரச் சுத்தியலால் குழிப்பார்கள். அடிக்க அடிக்க அது இறுகும். மறுபடி சோப்பு, மறுபடி சூடு. சுத்தியல் தழும்புகள் இரு உருளைகளுக்கு இடையே உருட்டியதும் மறையும்.

துண்டுகளை கேஸ் வெல்டிங்கில் இணைத்தபின் வெந்நீரில் நன்றாகக் கழுவியாக வேண்டும். பற்றவைப்புப் பொடி மிஞ்சினால் அலுமினியத்தை அரித்துவிடும்.

டாங்கின் மேலே ஓடும் பட்டையைப் பாருங்கள். டாங்கை ரப்பர்மேல் உட்காரவைத்து இந்தப் பட்டையால்தான் இறுக்குவார்கள். எஞ்சின் அதிர்வு நேராக ஏறினால் மெல்லிய தகடு வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டு பெட்ரோல் கசியும்.