வீட்டுக் கணினியின் நகல் எந்த ஊரில் இருக்கிறது?

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்தது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் உயிர்தான் முக்கியம். கணினியை எடுக்க யாரும் திரும்பி ஓடக் கூடாது. ஓடத் தேவையில்லாதபடி முன்பே ஓர் ஏற்பாடு இருந்தால் போதும்.

பல வீடுகளில் பேக்கப் என்பது பீரோவில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான். கணினி பழுதானால் அது காப்பாற்றும். வெள்ளமோ தீயோ திருட்டோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதனால் ஒரு நகலாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். எப்படி?

முதல் வழி கிளவுட். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பத்திர ஸ்கேன், சான்றிதழ், கடைக் கணக்குக்கு அது தாராளம். கல்யாண வீடியோக்களுக்குப் போதாது. காசு கட்டி இடம் வாங்கினாலும் ஏற்றும் வேகத்தைப் பார்க்க வேண்டும்: அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் 500 ஜிபி ஏற இடைவிடாமல் நான்கரை நாளுக்கு மேல் ஆகும். இன்னொன்று, கணினியோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டரைப் பேக்கப் என்று நம்பக் கூடாது. இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும். டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும். பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் பூட்டிய கோப்பும் அப்படியே மேலே போய்விடும். பழைய பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் பேக்கப் சேவையாகப் பார்த்து எடுப்பதே நல்லது. இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அளவு பெரிது என்பதற்காகப் பேக்கப்பைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா காட்டியது. 2025 செப்டம்பரில் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போயின. அவ்வளவு பெரிய சேமிப்புக்கு வெளியே நகல் எடுக்கவில்லை என்பதுதான் காரணம்.

பெரிய சேமிப்புக்கு இரண்டாவது வழிதான் என் தேர்வு: உறவினர் வீட்டில் ஒரு டிஸ்க். எந்த உறவினர் என்பதில்தான் கவனம் வேண்டும். அதே ஃபெஞ்சல் மழை விழுப்புரம் மயிலத்திலும் கிருஷ்ணகிரி ஊத்தங்கரையிலும் சுமார் 50 செ.மீ. கொட்டியது. பக்கத்து மாவட்டத்து மாமா வீட்டை விட கோவை, மதுரை, பெங்களூருவில் இருக்கும் அக்கா வீடு மேல். கார்த்திகை தீபத்துக்கு ஊர் வருபவர்களிடம் புதிய டிஸ்க்கைக் கொடுத்தனுப்பலாம். அது போய்ச் சேர்ந்த பிறகே பழையது இங்கே திரும்ப வேண்டும். நகல்கள் எல்லாம் ஒரே வீட்டில் ஓர் இரவு கூட இருக்கக் கூடாது.

வெளியே போகும் டிஸ்க்கில் ஆதாரும் வங்கி விவரமும் இருக்கும். வெராகிரிப்ட், பிட்லாக்கர் போன்ற குறியாக்க மென்பொருள் ஒன்றால் பூட்டியே அனுப்புங்கள். அந்தப் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி டிஸ்க் இல்லாத வேறு இடத்தில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடம் தெரியட்டும். ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் பாஸ்வேர்டு அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்தையே வெளியே நிறுத்திவிடும்.

எடுத்த நகல் திறக்கிறதா என்று பார்க்காமல் விடுவதுதான் பலரும் செய்வது. ஆயுத பூஜைக்குக் கணினியைத் துடைத்துப் பொட்டு வைக்கும் நாள் இதற்கு ஏற்றது; வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் வரும். புதிதாக எடுத்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, தாளில் உள்ள பாஸ்வேர்டைப் பார்த்து, ஒரு பத்திரத்தையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். நகல் எடுத்தவர் தள்ளி உட்கார, வீட்டில் வேறொருவர் அதைச் செய்யட்டும்.