ஒரு கல்படி, ஒன்றரை ஏக்கர் பந்தல்: வெரோனா கணக்கு

வெரோனா நகரின் நடுவே இருக்கும் ரோமானியத் திறந்தவெளி அரங்குக்கு அரேனா என்று பெயர். கோடை இரவுகளில் சுமார் 15,000 பேர் அங்கே உட்கார்ந்து ஓபரா கேட்கலாம். அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு கோப்பை, 125 மில்லிலிட்டர், அமரோனே ஒயின் ஊற்ற எவ்வளவு நிலம் வேண்டும்? தேவை 1,875 லிட்டர். அந்த வட்டாரத்தின் விதிகள் அனுமதிக்கும் உச்ச விளைச்சல் கிடைத்தால் 0.6 ஹெக்டேர் போதும். நம் கணக்கில் ஒன்றரை ஏக்கர். அமரோனே விளையும் வால்பொலிச்செல்லா குன்றுகள் அரங்கிலிருந்து 12, 15 கிலோமீட்டர் தொலைவில் தொடங்கிவிடுகின்றன. அரங்கைக் கட்டிய இளஞ்சிவப்பு, வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களும் அந்தக் குன்றுகளில் வெட்டியவைதான்.

இத்தாலிக்குப் போகிறவர்கள் ஓபராவை ஒரு ஊரிலும் திராட்சைத் தோட்டத்தை இன்னொரு ஊரிலும் தேடுவதைப் பார்க்கிறேன். மிலானில் ஒன்று, தஸ்கனியில் ஒன்று, நடுவே அரைநாள் ரயில். இரண்டையும் ஒரே கல்லில் வைத்திருக்கும் ஊர் வெரோனா. அதனால்தான் இந்தக் கணக்கை எழுதுகிறேன்.

அரங்கிலிருந்து தொடங்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டியது. ரோமின் கொலோசியத்தைவிட மூத்தது. 1117ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வெளிச்சுற்று ஏறக்குறைய முழுவதும் சரிந்தது. இன்று அதில் 4 வளைவுகள் மட்டும் நிற்கின்றன. விழுந்த கற்களை ஊர்க்காரர்கள் எடுத்துப்போய் வேறு கட்டடங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். 1913இல், இசையமைப்பாளர் வெர்டி பிறந்த நூறாவது ஆண்டு நிறைவில், வெரோனாக்காரரான ஜொவான்னி செனாத்தெல்லோ என்ற பாடகரும் நண்பர்களும் ஆகஸ்ட் 10ஆம் தேதி இங்கே அவருடைய ‘ஐடா’ ஓபராவை அரங்கேற்றினார்கள். ‘ஐடா’ கெய்ரோவில் முதன்முதலாக மேடையேறியது 1871 டிசம்பர் 24. வெரோனாவுக்கு வந்தபோது அதற்கு வயது 41. 1913 முதல் 2023 வரை எண்ணினால் 111 கோடைகள். ஆனால் 2023இல் கொண்டாடியது 100ஆவது விழா. விடுபட்ட 11இல் 10 கோடைகளை இரண்டு உலகப் போர்கள் எடுத்துக்கொண்டன. மிச்சம் ஒன்றை 2020இன் பெருந்தொற்று. 1947 ஆகஸ்டில் 23 வயது மரியா காலஸ் இத்தாலியில் முதன்முதலாகப் பாடியதும் இந்த மேடையில்தான், ‘லா ஜியோகொண்டா’வில்.

இப்போது சீட்டு. எண் இடாத கல்படி இடத்துக்குச் சுமார் 30 யூரோவிலிருந்து கிடைக்கும். மேடைக்கு எதிரே உள்ள நல்ல நாற்காலிகள் 200ஐத் தாண்டும். சில இரவுகளில் 300ஐயும். படியில் எண் இல்லாததால் முந்துகிறவருக்கே நல்ல இடம். காட்சி 9 மணிக்கு மேல் தொடங்கும். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்து, ‘ஐடா’ போன்ற நான்கு அங்க ஓபராவை இடைவேளைகளோடு பார்த்து எழுந்தால், மொத்தம் 5 மணி நேரம் கல்லின் மேல் இருந்திருப்பீர்கள். பகல் முழுக்க வெயில் குடித்த கல் நள்ளிரவு வரை சூட்டை விடும். மெத்தை ஒன்று அவசியம். இருட்டத் தொடங்கியதும் படிகளில் இருப்பவர்கள் சின்ன மெழுகுவர்த்திகளை ஏற்றுவார்கள். நாற்காலியில் இருப்பவர் அதைத் திரும்பித்தான் பார்க்க வேண்டும். படியில் இருப்பவர் அதன் நடுவிலேயே இருக்கிறார். ஒலிபெருக்கியை நம்பாமல் பாடுவதே இந்த மேடையின் மரபு. ஒரு தனிக் குரல் அத்தனை பெரிய வெளியைத் தாண்டி மேல் படிக்கு மெலிந்து வந்து சேரும்போது, அது வந்த தூரமும் சேர்ந்தே கேட்கிறது.

மழைக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். காட்சி தொடங்கவே முடியாமல் போனால் சீட்டுக்கு ஈடு உண்டு. தொடங்கி, பாதியில் மழையால் நின்றால் பணம் திரும்பாது. முதல் துளி விழுந்ததும் வயலின்காரர்கள் கருவியை அணைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். மரக் கருவிக்கு ஈரம் எமன். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

இனிக் குன்றுகள். வால்பொலிச்செல்லாவில் 8,000 ஹெக்டேருக்கு மேல் கொடி இருக்கிறது. பழைய தோட்டங்களில் கொடி தலைக்கு மேல் பந்தலில் படரும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நடந்தவர்களுக்கு அந்த நிழல் பழகினதாகவே இருக்கும். சரிவுகளில் சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. உள்ளூர்ப் பேச்சில் அவை மரோஞ்ஞே. கொர்வினா, கொர்வினோனே, ரொந்தினெல்லா ஆகியவை முக்கிய வகைகள்.

ஒரு ஹெக்டேரில் 12 டன் பழத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. அந்த 12 டன்னை அறுத்த உடனே பிழிந்தால் 70 சதவீதம், அதாவது 8,400 லிட்டர் எளிய வால்பொலிச்செல்லா. 750 மில்லிலிட்டர் புட்டியில் 11,200 புட்டி. அமரோனேவுக்கு வழி வேறு. 12 டன்னில் 65 சதவீதம்வரைதான் உலர்த்த எடுக்கலாம்: 7,800 கிலோ. நல்ல கொத்துகளைப் பொறுக்கி, தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காற்றோட்டமான மாடியில் மூன்று நான்கு மாதம் விட்டுவிடுவார்கள். அந்த மாடிக்கு ஃப்ருத்தாயோ என்று பெயர். டிசம்பர் 1க்கு முன் பிழியக் கூடாது. அதற்குள் 100 கிலோ பழம் சுமார் 60 கிலோவாக வற்றிவிடும். முடிவில் 100 கிலோ பச்சைப் பழத்துக்கு 40 லிட்டருக்கு மேல் ஒயின் எடுக்க அனுமதி இல்லை. ஆக 7,800 கிலோவுக்கு 3,120 லிட்டர், 4,160 புட்டி. எளிய ஒயின் ஒரு புட்டிக்கு 1.07 கிலோ பழம், அமரோனே ஒரு புட்டிக்கு 1.88 கிலோ பொறுக்கிய பழம்.

எளிய ஒயினின் விலை 10 யூரோ சுற்றில் இருக்க, ஆலையிலேயே அமரோனேவுக்கு 30, 40 என்று கேட்பதன் காரணம் இந்த வரிகளில் பாதி இருக்கிறது. மறுபாதி, காத்திருக்கும் ஆண்டுகள். அமரோனேவைப் பிழிந்த சக்கையும் வீணாவதில்லை. எளிய ஒயினை அந்தச் சக்கைமேல் ஊற்றி மறுபடி நொதிக்கவிட்டால் ரிபாஸ்ஸோ. எனக்கு இந்த மூன்றில் ரிபாஸ்ஸோ மேல்தான் மரியாதை அதிகம். அமரோனேவின் உடம்பில் ஒரு பங்கை நடுத்தர விலையில் தருகிறது. உலர்த்தும் வழக்கமோ மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டில், கோத் மன்னர்களின் அமைச்சர் காசியோதோருஸ், வெரோனா வட்டாரத்தில் பழத்தை உலர வைத்துச் செய்த இனிப்பு ஒயினைப் பற்றி விரிவாகக் கடிதம் எழுதியிருக்கிறார். கவிஞர் தாந்தேயின் மகன் பியெத்ரோ 1353இல் இங்கே கர்காஞ்ஞாகோ என்ற சிற்றூரில் நிலம் வாங்கினார்; அவர் வழியினர் அந்த நிலத்தை இன்றும் விடவில்லை.

ஓபரா ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. பழம் அறுப்பது செப்டம்பர் நடுவிலிருந்து. உலர்த்துவது அதற்கும் பிறகு. ஆகவே அரேனாவுக்காகப் போகிறவர் உலர்த்தும் மாடியைக் காலியாகத்தான் பார்ப்பார். பந்தலில் பச்சைக் கொத்து, ஆகஸ்டில் போனால் நிறம் மாறும் கொத்து. நிறைந்த மாடியைப் பார்க்க அக்டோபர், நவம்பரில் போக வேண்டும். அப்போது அரேனாவில் ஓபரா முடிந்திருக்கும். ஓபரா தெயாத்ரோ ஃபிலார்மோனிகோவின் கூரைக்குள் போய்விடும். 1732இல் திறந்து, 1749இல் எரிந்து, மீண்டும் எழுந்து, 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் இடிந்து, 1975இல் மறுபடி திறந்த அரங்கு அது. கூட்டம் குறைவு, குளிரும் மழையும் தொல்லை இல்லை. இசைக்காகவே போகிறவருக்கு நான் அதையே சொல்வேன். முதல் முறை போகிறவருக்கு மட்டும் கோடையும் கல்படியும்.

செலவுக்கு வருவோம். மிலானிலிருந்து போய்த் திரும்பும் ஒருவருக்கு, இரண்டு இரவு, அறையையும் டாக்ஸியையும் இருவர் பகிர்வதாக வைத்து, கோடை விலையில் நான் போட்ட வரவுசெலவு இது. சாதாரண ரயில், இரு வழியும் 28 யூரோ. ஒரு வழிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கல்படிச் சீட்டு 35, மெத்தை 5. தங்க ஆளுக்கு ஓர் இரவு 70 வீதம் 140. தோட்டம் சுற்றிப் பார்த்துச் சுவைக்க 35. குன்றுக்கு டாக்ஸி போக 40, வர 40, அதில் பாதி 40. சாப்பாடு நாளுக்கு 40 வீதம் 80. நகர வரி, பேருந்து என்று 10. மொத்தம் 373 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 37,300 ரூபாய்.

எதற்காகப் போகிறோமோ அந்த இரண்டு, ஓபராவும் தோட்டமும், சேர்ந்து 70 யூரோதான். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் அவற்றுக்குப் பக்கத்தில் இருப்பதற்கான செலவு. அதனால் சிக்கனம் என்று தங்கும் இரவில் கை வைப்பது தவறு. ஓபரா முடியும்போது மணி 12:30ஐத் தாண்டியிருக்கும். அன்றிரவே மிலான் திரும்பலாம் என்ற திட்டம் ரயில் நிலையத்தில் விடியலுக்காகக் காத்திருப்பதில் முடியும். கைவைக்க வேண்டிய இடம் நாற்காலி. படியும் மெத்தையும் சேர்ந்த 40ஐ விட்டு 200 யூரோ நாற்காலி எடுத்தால் கூடுதல் 160. அதைச் செலவழிக்க மனம் இருந்தால், இன்னோர் இரவு தங்க 70, ஒரு நாள் சாப்பாடு 40, இன்னொரு ஓபராவுக்குப் படியும் மெத்தையும் 40, கூட்டினால் 150. வேறொரு ஓபராவையும் பார்த்துவிட்டு 10 யூரோ மிச்சத்தோடு திரும்பலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் நாற்காலியே எடுக்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். பகலில் தோட்டம், அன்றிரவே ஓபரா என்று பலர் போடுகிறார்கள். சுவைக்கக் கொடுப்பது ஐந்து வகை, வகைக்கு 50 மில்லிலிட்டர் என்றாலும் 250 ஆகிவிடும். அமரோனேவின் சாராய அளவு 14 சதவீதத்துக்குக் குறையாது. அதைக் குடித்து, ஜூலை வெயிலில் சரிவு ஏறி இறங்கி, 5 மணி நேரம் கல்லில் உட்கார்ந்தால் மூன்றாம் அங்கத்தில் கண் சொக்கும். ஓபரா முதல் இரவு. நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள் 11 மணிக்குத் தோட்டம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள்; துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். வாடகைக் கார் வேண்டாம். இத்தாலியில் ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை. உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவருக்குப் பூஜ்யம்.

இந்தியாவுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரை தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். இரண்டு புட்டி, 1.5 லிட்டர். நானாக இருந்தால் ஒன்று ரிபாஸ்ஸோ, ஒன்று அமரோனே. அமரோனே எடுக்கும்போது புட்டியில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். விதிப்படி, அறுவடைக்கு அடுத்த ஜனவரி 1இலிருந்து குறைந்தது இரண்டு ஆண்டு முதிர வேண்டும். 2026 ஆகஸ்டில், ஓபராவுக்கு மறுநாள் காலை, பந்தலுக்குக் கீழே நின்று நிறம் மாறுகையில் பார்த்த கொத்து 2029 ஜனவரிக்கு முன் கடைக்கு வராது.