1.8 என்று வந்தால் ஹெர்பிஸ் என்று அர்த்தமா?

ரிப்போர்ட்டில் ‘எச்.எஸ்.வி-2 (ஹெர்பிஸ் வைரஸின் இரண்டாம் வகை) ஐ.ஜி.ஜி 1.8, பாசிட்டிவ்’ என்று வந்தால் பெங்களூரு லிங்கராஜபுரத்திலும் சரி, வேறெங்கும் சரி, முதலில் வெடிப்பது வீட்டுச் சண்டைதான். யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று கேள்வி மேல் கேள்வி. அந்த இரண்டுக்குமே இந்தப் பரிசோதனையில் பதில் கிடையாது. வந்திருப்பது உண்மையா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

இந்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை, உடல் அதற்கு எதிராக உண்டாக்கும் ஐ.ஜி.ஜி என்ற எதிர்ப்பொருளைத் தேடுகிறது. பரவலாகப் பயன்படும் கருவிகளில் 0.9க்குக் கீழே நெகட்டிவ், 1.1க்கு மேலே பாசிட்டிவ், இடைப்பட்டது சந்தேகம். ஆனால் 1.1 தாண்டியும் 3க்குக் கீழே நிற்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, வேறு முறையில் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டி. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023 ஜூனில் இப்படித் தொற்றே இல்லாமல் வரும் பொய் பாசிட்டிவ் பற்றி எச்சரித்தது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்யவே வேண்டாம் என்பது அங்குள்ள தடுப்பு மருத்துவ நிபுணர் குழுவின் முடிவு. இங்கோ கர்ப்பிணிகளுக்கு ‘டார்ச்’ என்ற தொற்றுப் பரிசோதனைத் தொகுப்பு என்றும், மற்றவர்களுக்கு ஏதாவதொரு பேக்கேஜ் என்றும் கேட்காமலே எடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு எதிர்ப்பொருளான ஐ.ஜி.எம் பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்று என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. ஹெர்பிஸில் ஐ.ஜி.எம் பழைய தொற்று திரும்பும்போதும் வரும், தொற்றே இல்லாமலும் வரும். ‘1+2’ என்று வைரஸின் இரண்டு வகைகளையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனையும் உதவாது. ஏனென்றால், வாயோரக் கொப்புளம் தரும் முதல் வகை, உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இருக்கிறது. (காவியால் எழுதிக்கொள்ளும் அக்கி வேறு வைரஸ், அதோடு இதைக் குழப்ப வேண்டாம்.)

கொப்புளமோ புண்ணோ இருந்தால் வேலை எளிது. அது காய்வதற்குள், முடிந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே, புண்ணிலிருந்து துடைத்தெடுத்து பி.சி.ஆர் செய்யச் சொல்லுங்கள். புண் இல்லையென்றால், சந்தேகப்படும் உறவுக்கு 12 வாரம் கழித்து, வகை பிரித்துக் காட்டும் ஐ.ஜி.ஜி பரிசோதனையை வேறு முறையில் திரும்ப எடுக்க வேண்டும். உறுதிசெய்ய உரைகல்லாகக் கருதப்படும் வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனை நம் ஊர் லேபில் எளிதில் கிடைக்காது. கர்ப்பிணி இந்த ரிப்போர்ட்டை மகப்பேறு மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. பிரசவத்தை ஒட்டிப் புதிதாக வரும் தொற்று குழந்தைக்கு ஆபத்து.

லிங்கராஜபுரத்திலிருந்து சிவாஜிநகர் போரிங் ஆஸ்பத்திரி தூரமில்லை. அங்கே தோல், பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. அரசின் சுரக்‌ஷா கிளினிக்குகளில் ஆலோசனையும் சிகிச்சையும் இலவசம். எங்கே இருக்கிறது என்பதை 1097க்கு அழைத்துக் கேட்கலாம்.

எந்தக் கருவி, என்ன எண் என்று லேபில் கேட்பது உங்கள் உரிமை. இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் அப்படியே. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுக்க விதி. பொய் பாசிட்டிவ் வந்ததற்காக மட்டும் லேபின் மேல் வழக்குப் போடுவது கஷ்டம், எல்லாப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. ஆனால் மாதிரி மாறிப்போனாலோ, ரிப்போர்ட் மூன்றாம் ஆளிடம் போனாலோ விடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றி மனு கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள். கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டத்தின் கீழ் மாவட்டக் குறைதீர்ப்பு ஆணையமும் இருக்கிறது.

தொற்றும் பால்வினை நோய் இந்துத் திருமணச் சட்டத்தில் மணமுறிவுக்கு ஒரு காரணம். அதனால்தான் சொல்கிறேன், உறுதியாகாத ரிப்போர்ட்டைச் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள்.